மதுரையில் இருந்துகொண்டு கடல் கயாக்: நீளப் படகா, மடக்குப் படகா, காற்றுப் படகா?

மதுரையில் குடியிருப்பவர் கடல் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வாங்கலாமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் ஒருமுறை துடுப்பு போட்டுவிட்டு வந்தவர்கள், அல்லது ராமேஸ்வரம் போனபோது வாடகைப் படகில் ஏறியவர்கள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் எது? நெடுந்தூரம் போக ஐந்து மீட்டர் நீளமுள்ள அசல் டூரிங் கயாக்கா, பையில் மடித்து வைப்பதா, காற்றடைப்பதா, மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப்பா? அங்கேயே நின்றுபோகிறார்கள்.

நான் சில வருடங்களாக பைபர் டூரிங் கயாக் ஒன்றை வைத்திருக்கிறேன். நண்பர்களிடம் இருக்கும் மற்ற வகைகளையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரருக்கு எந்தப் படகு சரிப்படும் என்பதைத் தீர்மானிப்பது, அந்தப் படகு இரவில் எங்கே கிடக்கும் என்ற கேள்வி. கடற்கரையில் நம்பி விட்டுவரக்கூடிய ஒரு வீட்டு ஓரம் கிடைத்தால் நீளப் படகு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மடக்குப் படகு. மற்ற இரண்டும் நல்ல படகுகளே, ஆனால் அவை வேறு தேவைக்கானவை.

## எதையெல்லாம் வைத்து எடைபோட வேண்டும்

தூரம். வைகையை நம்பிப் படகு வாங்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் கண்மாய்களில் தை, மாசி வரை தண்ணீர் நிற்கும். ஆனால் அங்கே மீன்பாசிக் குத்தகை, விரித்த வலை, ஆகாயத்தாமரை, கரை முழுக்கச் சீமைக் கருவேலம். வைகை அணைக்குள் சொந்தப் படகை இறக்க அனுமதி வேண்டும். ஆக, கடலுக்குத்தான் போக வேண்டும். மிகப் பக்கம் தொண்டி: சிவகங்கை, திருவாடானை வழியாக 100 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். மண்டபம் சுமார் 150 கிலோமீட்டர். தூத்துக்குடியும் ஏறக்குறைய அவ்வளவுதான். விடியற்காலைக் கடலைப் பிடிக்க வேண்டுமானால் நடுராத்திரிக்குப் பிறகு கிளம்ப வேண்டும், அல்லது முந்தின நாளே போய்த் தங்க வேண்டும்.

காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படகு விமர்சனங்களில் இது இருக்காது. ராமேஸ்வரத்தில் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. அப்போது மன்னார் பக்கம் அலை எழும்பும், பாக் விரிகுடா கரையோரம் சலனமில்லாமல் கிடக்கும். மழைக்காலத்தில் வாடை வந்ததும் இது தலைகீழாகிவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது: எந்தப் பக்கம் அமைதியாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கத்துக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. மண்டபத்தில் என் படகை வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஒரு ஜூன் காலையில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, கரையில பாத்தா கண்ணாடி மாதிரிதான் கெடக்கும். அரை மைல் தாண்டினா கச்சான் புடிச்சு வெளிய தள்ளிரும். போறது லேசு, திரும்புறதுதான் பாடு." போகும்போது முதுகில் படும் காற்றை எதிர்த்துத் திரும்பி வர எந்தப் படகால் முடியும் என்பதுதான் கடல் கயாக்குக்கான உண்மையான பரீட்சை.

கவிழ்ந்தால். கரை தெரியாத இடத்தில், தனியாக, கால் நிலத்தில் படாமல் திரும்ப ஏறி உட்கார முடியுமா?

பழுது. உடைந்தால் மண்டபத்திலோ தொண்டியிலோ யாராவது சரிசெய்வார்களா, அல்லது உதிரிப்பாகம் கடல் கடந்து வர வேண்டுமா?

பணம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். வாங்கும் விலையைவிட, அந்தப் படகோடு சேர்ந்து வருகிற செலவுதான் ஆளை அசத்தும். ஒவ்வொன்றிலும் அதைச் சொல்கிறேன்.

## நீளமான டூரிங் கயாக்

நீளம் 14 முதல் 18 அடி, அகலம் 22 முதல் 24 அங்குலம், எடை 22 முதல் 30 கிலோ. முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து அடைத்த இரண்டு அறைகள், அவற்றுக்கு இறுக்கமான மூடிகள். இந்த அறைகள்தான் உயிர் காப்பவை. படகு கவிழ்ந்தாலும் நடுவில் உட்காரும் குழி மட்டும் நிறையும், இரண்டு முனையும் மிதந்துகொண்டிருக்கும். கூடாரம், குடிதண்ணீர், அடுப்பு எல்லாம் அதற்குள் போய்விடும்.

ஓட்டும்போது கிடைக்கும் சுகத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. மணிக்கு 5, 6 கிலோமீட்டர் வேகத்தை அலட்டிக்கொள்ளாமல் மணிக்கணக்கில் பிடிக்கலாம். துடுப்பை நிறுத்தினாலும் படகு வழுக்கிக்கொண்டு போகும். பாக் விரிகுடாவின் குட்டை அலையை அணியம் (படகின் முன்முனை) கிழித்துக்கொண்டு போகும்போது முகத்தில் தெறிக்கும், வேகம் குறையாது. கச்சானை எதிர்த்துக் கரை திரும்பும் தகுதி இந்த வகைக்குத்தான் முழுதாக இருக்கிறது. உட்காரும் இடத்தை மூடும் ஸ்பிரே ஸ்கர்ட் போட்டுக்கொண்டால் கால்களில் வெயில் படாது, சொறிமீனும் படாது.

கவிழ்ந்தால் ஏறுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். துடுப்பின் ஒரு முனையில் மிதவையை மாட்டி, அதை ஊன்றிப் பின்பக்கமாகப் படுத்தபடி ஏறி, கைப் பம்பால் தண்ணீரை இறைக்க வேண்டும். இடுப்பளவு நீரில் யாராவது பக்கத்தில் நிற்கப் பழகாமல், வெளியே கொண்டுபோகக் கூடாத படகு இது.

பைபரா, பாலிஎத்திலீனா என்று கேட்டால் பைபர் என்பேன். பாலிஎத்திலீன் படகு நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி செய்யும் அதே முறையில், அச்சைச் சுழற்றிச் செய்வது. பாறையில் இழுத்தாலும் தாங்கும். ஆனால் மே மாத வெயிலில் கேரியரில் இறுக்கிக் கட்டி நிறுத்தினால் கட்டிய இடத்தில் அடிப்பாகம் உள்வாங்கிவிடும். விரிசல் விட்டால் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, சூடான காற்றால் உருக்கித்தான் சேர்க்க வேண்டும். பைபர் அப்படியில்லை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க பைபர் படகு வந்துவிட்டதால் பைபர் மேட், ரெசின், ஹார்ட்னர் வைத்து வேலை செய்கிறவர் பெரிய மீனவ ஊர்களில் எல்லாம் இருக்கிறார். என் படகின் அடியில் பாறை கிழித்த கீறலை ஒருவர் தேய்த்து, மேட் வைத்து, மறுநாள் தண்ணீரில் இறக்கச் சொல்லிவிட்டார். நிறம் சேரவில்லை. வேலை அருமை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். வரிச் சலுகைக்காக நம் ஊரில் விற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவை நான்கு மீட்டருக்குள்தான் இருக்கும். அதன்மேல் ஐந்து மீட்டர்ப் படகை ஏற்றினால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு நிற்கும். அளவுக்கு மீறி நீட்டும் சுமைக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய். அப்புறம், பல கார்களின் கூரையில் தெரியும் கம்பி வெறும் அழகுக்கு. கையேட்டில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேரியர் வாங்குங்கள். உச்சிப்புளி தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று படகைப் பிடித்து வண்டியையே ஆட்டும். கட்டும் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் வழியெல்லாம் அது போடும் இரைச்சலாவது நிற்கும். வெயிலில் நிறுத்தும்போது அறை மூடிகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே காற்று விரிந்து தடுப்புச் சுவரின் ஒட்டு விட்டுப்போகும். இவ்வளவையும் செய்து முடித்து, நாலு மணி நேரம் துடுப்பு போட்ட கையோடு, 25 கிலோவைத் தனியாகக் கூரைமேல் தூக்க வேண்டும். அதனால்தான் என் படகு மதுரைக்கு வருவதே இல்லை.

கடற்கரையில் வைப்பதென்றால் மாதாமாதம் வீட்டுக்காரருக்கு ஒரு தொகை பேசிக்கொள்ள வேண்டும். கவிழ்த்து, இரண்டு பழைய டயர்மேல், ஓலை நிழலில் வைக்கச் சொல்லுங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கும், ஆடு ஏறி நிற்கும். இன்னொன்றும் உண்டு, வெளியூர்க்காரர்கள் யோசிக்காதது. கடலிலிருந்து வந்ததும் படகை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் பெண்கள் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிப் போய்த் தண்ணீர் எடுத்து வருகிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் குடத்துத் தண்ணீரைப் படகு கழுவக் கேட்கக் கூடாது. மதுரையிலிருந்தே இரண்டு கேன் கொண்டுபோங்கள். முழுப் படகையும் நனைக்க வேண்டியதில்லை. கால்மிதிச் சட்டம், சுக்கான் கம்பி, ஸ்கெக், கொக்கிகள், இவை போதும்.

ஸ்கெக் என்பது காற்றில் படகு திரும்பாமல் இருக்க அடியில் இறக்கும் சிறு தகடு. மணலில் இழுத்துப் படகை இறக்கும்போது அதன் பெட்டிக்குள் பொடிச் சிப்பி ஏறி இறுகிக்கொள்ளும். நடுக்கடலில் தகடு இறங்காமல் போனால் உள்ளே இருந்தபடி ஒன்றும் செய்ய முடியாது. தகட்டின் முனையில் சின்னத் துளை போட்டு விரல் நீளத்துக்கு நைலான் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கூட வருகிறவர் பின்னால் வந்து இழுத்துவிடுவார். சுக்கான் உள்ள படகில் பாக் விரிகுடாவின் கடற்புல் வந்து சுற்றிக்கொள்ளும். எனக்கு ஸ்கெக்கே பிடித்திருக்கிறது.

விற்பதும் கஷ்டம். வாங்குகிறவர் கேரியர் வைத்த வண்டியோடு வந்து நிற்க வேண்டும்.

## மடக்குக் கயாக்

இதில் இரண்டு சாதி. அலுமினியம் அல்லது மரக் குச்சிகளைக் கோர்த்து அதன்மேல் துணித்தோல் போர்த்துவது ஒன்று. காகிதக் கப்பல் செய்வதைப் போல ஒரே பிளாஸ்டிக் தகட்டை மடித்து உருவாக்குவது இன்னொன்று.

மடக்குப் படகு என்றதும் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஓஸ்கர் ஸ்பெக்கைச் சொல்வேன். 1932-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் மடக்குக் கயாக்கை இறக்கியவர், இந்தியக் கரையையும் இலங்கையையும் ஒட்டித் துடுப்பு போட்டு, 1939-இல் ஆஸ்திரேலியப் பக்கம் போய்ச் சேர்ந்தார். 1956-இல் ஹான்னெஸ் லிண்டெமன் கிளெப்பர் மடக்குக் கயாக்கில் அட்லாண்டிக் கடலையே தாண்டினார். கடல் தாங்கும் படகுதான் இது.

மதுரைக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், பரண்மேல் ஏறிவிடும். இரண்டாம் மாடி வாடகை வீட்டில் வைக்கலாம். ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏற்றி உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஒரு பக்கம் காற்று சரியில்லை என்றால் அன்றைக்கே மறுபக்கக் கரைக்குப் போய்விடலாம். கரையில் ஒரே இடத்தில் நிற்கும் என் படகுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது.

குறைகள்: பூட்ட அரை மணி நேரம் வரை ஆகும், அதுவும் காற்றடிக்கும் கரையில். தகட்டு வகையில் அடைத்த அறைகள் இருக்காது. முன்னும் பின்னும் மிதவைப் பைகள் தனியாக வாங்கித் திணித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்ந்த படகு முழுக்க நிறைந்து கையாள முடியாமல் போய்விடும். ஸ்பிரே ஸ்கர்ட்டும் தனி விலை. குச்சி வகையில் உப்பைக் கழுவாமல் மடித்து வைத்தால் அலுமினிய இணைப்புகள் பற்றிக்கொண்டு அடுத்த முறை கழற்றவே வராது. துணித்தோலுக்கும் மணலுக்கும் ஆகாது. உதிரிப்பாகம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான், சுங்கவரியோடு. பழுதுக்கு மண்டபத்து பைபர்காரர் உதவ மாட்டார், உங்கள் கையில் ஒட்டுத்துணியும் பசையும் இருக்க வேண்டும். ஆனால் விற்பது லேசு: பார்சலில் போகும்.

## காற்றடைக்கும் கயாக்

விலையைப் பார்த்ததும் கை தானாகப் போவது இதற்குத்தான். டெகத்லானிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 போன்ற ஆரம்ப வகைகள் ஏரிக்கும் மெதுவான ஆற்றுக்கும் செய்தவை. நீளம் மூன்று மீட்டரைச் சற்றுத் தாண்டும், அகலம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அகலமும் உயரமும் சேர்ந்து காற்றைப் பிடிக்கும் பாயாகிவிடுகின்றன. கச்சான் காலத்தில் பெண் கடலின் அமைதியை நம்பி இதில் இறங்குவதைப் போல ஆபத்து வேறில்லை. அழுத்தம் தாங்கும் தட்டைத் தரையுள்ள விலை கூடிய வகைகள் நேராகப் போகும், ஆனால் அவையும் எதிர்க்காற்றில் திணறும்.

வாங்கியவர்கள் படும் பாடு பெரும்பாலும் வெப்பத்தால். காலையில் இறுக்கமாக அடித்த காற்று, பதினோரு மணி மணலில் கிடக்கும்போது விரிந்து தையலைப் பிரிக்கும். கரைக்கு வந்ததும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். கார் டிக்கியில் வெயிலோடு விட்டுவைத்தால் ஒட்டு இளகும். உறையின் மடிப்புக்குள் தங்கும் உப்புநீர் காய ஒரு மொட்டைமாடி தேவை. காயாமல் மடித்தால் பூசணம். கண்மாய்க் கரை என்றால் சீமைக் கருவேல முள், கடற்கரை என்றால் உடைந்த சிப்பி.

காரங்காடு மாதிரி அலையாத்தி ஓடைகளுக்குள், பிள்ளைகளோடு, இறுக்கமான லைஃப் ஜாக்கெட்டோடு என்றால் சந்தோஷமாக வாங்கலாம். திறந்த கடலுக்கு வேண்டாம்.

## சிட்-ஆன்-டாப்

மீன்பிடிக்க ஆசைப்படுபவருக்கும், நீந்தத் தெரிந்தும் மூடிய படகுக்குள் உட்காரப் பயப்படுபவருக்கும் இது. கவிழ்ந்தால் நிமிர்த்தி மேலே ஏறினால் போதும், இறைக்கத் தண்ணீரே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வாடகை விடுகிறவர்கள் எல்லாரும் இதை வைத்திருக்கிறார்கள். ஆனால் கனம், மந்தம், தொடை முழுக்க வெயில். சாலையில் கொண்டுபோகும் தொல்லை டூரிங் கயாக்குக்கு உள்ளதில் பாதிக்கு மேல் இதற்கும் உண்டு, கிடைக்கும் தூரம் பாதிகூட இல்லை. கடற்கரையிலேயே வீடு உள்ளவர்களுக்குச் சரி.

## வாங்காமலே இருப்பது

இதையும் ஒரு வழியாகவே எண்ணுங்கள். காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு ஓட்டுகிறார்கள், ராமேஸ்வரம் கரையில் தனியார் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் கடலுக்குப் போவீர்கள் என்றால், பெட்ரோல், கேரியர், வீட்டு ஓர வாடகை எல்லாம் கூட்டிப் பார்க்கும்போது வாடகைப் படகு எப்போதும் ஜெயிக்கும். கிடைக்காதது ஒன்றுதான்: அவர்கள் காட்டும் எல்லைக்குள், அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும்.

| | மதுரை வீட்டில் வைக்க | 150 கி.மீ. சாலை | எதிர்க்காற்று | கவிழ்ந்தால் | கரையில் பழுது |
|---|---|---|---|---|---|
| டூரிங் (பைபர்) | கஷ்டம் | கஷ்டம் | மிக நன்று | பயிற்சி வேண்டும் | எளிது |
| மடக்கு | எளிது | பஸ், ரயில் போதும் | நன்று | மிதவைப் பையும் பயிற்சியும் | நாமே செய்ய வேண்டும் |
| காற்றடைப்பு | எளிது | எளிது | மோசம் | ஏறலாம், படகு காற்றில் ஓடிவிடும் | சிறு ஓட்டை மட்டும் |
| சிட்-ஆன்-டாப் | இடம் வேண்டும் | கஷ்டம் | சுமார் | எளிது | பிளாஸ்டிக் வெல்டிங் |

விலை வரிசை பெரும்பாலும் காற்றடைப்பு, சிட்-ஆன்-டாப், பாலிஎத்திலீன் டூரிங், மடக்கு, பைபர் டூரிங் என்று ஏறும். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் இதில் சேராது. அந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். கனமான அலுமினியத் துடுப்பு மூன்றாவது மணி நேரத்தில் தோளைப் பிடுங்கும்.

## எந்தப் படகானாலும்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பக்கத்தில் தெரிகிறதே என்று ஏறி இறங்கக் கூடாது. நீளப் படகு வாங்குகிறவர் தீவில் கூடாரம் போடும் கனவோடு வாங்க வேண்டாம், கரையோரமாகவே ஊர் ஊராகப் போவதுதான் இங்கே டூரிங். இலங்கையோடு உள்ள கடல் எல்லை தனுஷ்கோடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் மிகப் பக்கம். இறங்கும் முன் கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். தமிழ்நாடு போலீசின் கடலோரப் பாதுகாப்புக் குழும உதவி எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் சாட்டிலைட் தொடர்புக் கருவியை வாங்கச் சொல்வார்கள். இங்கே அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். தண்ணீர் புகாத உறையில் போன், கழுத்தில் விசில், கரையில் உங்கள் நேரம் தெரிந்த ஒருவர், இவை போதும். ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் தினமும் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, மீனவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் நீங்கள் நினைக்கும் வகைப் படகை யாரிடமாவது இரவல் வாங்கி, இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பாருங்கள். பிறகு காற்றுக்கு எதிராக ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வாடை அடங்கி, கச்சான் இன்னும் தொடங்காத பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இதற்கு நல்லவை. இரண்டு கடலிலும் இறங்கலாம்.